ஊனமல்ல, சரி. அப்புறம்?

2023 டிசம்பர் 13 அன்று மாநிலங்களவையில் உறுப்பினர் மனோஜ் குமார் ஜா மாதவிடாய் விடுப்பைப் பற்றிக் கேட்டார். அன்றைய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி எழுந்தார். மாதவிடாய் காணும் பெண்ணாகவே சொல்கிறேன், இது ஊனமல்ல, பெண்ணின் வாழ்வில் இயல்பான பகுதி என்றார். மாதவிடாய் வராத ஒருவரின் பார்வைக்காகப் பெண்கள் சம வாய்ப்பை இழக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு ஐந்து நாள் முன்பு மக்களவைக்குப் போன எழுத்துப்பூர்வ பதில் இன்னும் சுருக்கம்: கடும் வலியால் அவதிப்படுவோர் சிறு பகுதியினரே, பெரும்பாலும் மருந்தால் சமாளித்துவிடலாம்.

அவர் இப்போது அமைச்சர் இல்லை. வாதம் மட்டும் ஓய்வு பெறவில்லை. 2025இல் கர்நாடகம் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முடிவெடுத்ததும் மும்பையில் எங்கள் செம்பூர் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் அதே வாக்கியம் வந்து விழுந்தது. அனுப்பியவர் ஒரு மாமி. ‘எங்க காலத்துல நாங்கள்லாம் லீவா கேட்டோம்?’ என்று முடித்திருந்தார். அவர் காலத்து மாதுங்கா வீடுகளில் அந்த மூன்று நாள் சமையலறைப் பக்கம் வர விடமாட்டார்கள். தட்டு தனி, பாய் தனி, வேலை கிடையாது. ஆக, விடுப்பு இருந்தது மாமி, பெயர்தான் தீட்டு. அந்த மூன்று நாளும் உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்க தாராவியிலிருந்து நடந்து வந்தவளுக்குத்தான் எதுவும் இருந்ததில்லை.

இனி அமைச்சரின் வாதத்துக்கு வருவோம். ஊனமல்ல, இயல்பு, எனவே விடுப்பு தேவையில்லை என்கிறார். பிள்ளைப்பேறு மட்டும் என்ன, நோயா? 1961இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017இல் அவர் கட்சியின் ஆட்சிதான் 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அன்று எந்த அமைச்சரும் ‘பிரசவம் இயல்பு’ என்று எழுந்து நிற்கவில்லை. அதோடு, ஊனம் என்ற சொல்லை என்னமோ கீழ்ச்சாதிப் பெயர் மாதிரி உதறித் தள்ளுவது எதற்கு? மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அதனால் யாருடைய சம வாய்ப்பும் பறிபோகவில்லை.

எனக்கு உண்மையான கோபம் ‘இயல்பு’ என்ற சொல்மேல்தான். நம் வீடுகளில் நோயைக் கண்டுபிடிக்க விடாமல் காவல் நிற்கும் சொல் அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் ‘எல்லாருக்கும் வர்றதுதான், கல்யாணமானா சரியாயிடும்’ என்கிறோம். எண்டோமெட்ரியோசிஸில் கருப்பையின் உள்பூச்சைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் கூட வளரும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகில் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்ன நோய் என்று பெயர் தெரிவதற்கே பலருக்கு ஏழெட்டு வருஷம் ஆகிறது. பத்தில் ஒருத்தி என்பது அமைச்சகத்தின் கணக்கில் சிறு பகுதிதான் போலிருக்கிறது.

அந்த மக்களவைப் பதிலில் வலி மட்டும்தான் இருக்கிறது. வராத மாதவிடாய் கணக்கிலேயே இல்லை. நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்கிறோமே, அந்த பிசிஓஎஸ். பெயரே தப்பு. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். ஆண் ஹார்மோன் கூடுவதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும்தான் சிக்கல். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயந்து ஓடுகிறார்கள் சிலர். மூன்று மாதம் வராவிட்டால் தொல்லை விட்டது என்று சும்மா இருக்கிறார்கள் பலர். இரண்டாவது வகைக்குப் பின்னால் சர்க்கரை நோய் வந்து நிற்கலாம். பரேலில் உள்ள ஐசிஎம்ஆரின் இனப்பெருக்க ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் மும்பையின் 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் இதைத் தேடி, முடிவை 2014இலேயே வெளியிட்டது. நோயைக் கண்டறியும் ராட்டர்டாம் அளவுகோலில் 22.5 சதவீதம், அதைவிடக் கறாரான அளவுகோலில் 10.7 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் பருமனானவர்களும் அல்ல. உடம்பைக் குறை, எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள் அந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

மருந்தால் சமாளிக்கலாமாம். எந்த மருந்து? தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வலிக்குக் கொடுத்த மாத்திரைகளைப் பற்றி 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் 100 பெண்களிடம் விசாரித்து எழுதியது. மாத்திரையில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பெரும்பாலும் எடுத்துக் கொடுத்தவர் டாக்டர் அல்ல, சூப்பர்வைசர். மெஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மெஃப்டால் போன்ற மாத்திரைகளில் இருக்கும் மெஃபெனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று அரசின் இந்திய மருந்தக ஆணையமே 2023 நவம்பர் 30 அன்று எச்சரித்தது. மக்களவைப் பதிலுக்குச் சரியாக எட்டு நாள் முன்பு.

‘இயல்பு’ என்ற வாதத்தைக் கடைசிவரை நடத்திக் கொண்டுபோனால் எங்கே முடியும் என்று பார்க்க வேண்டுமானால், மும்பையிலிருந்து ஓர் இரவு பஸ்ஸில் பீட் மாவட்டத்துக்குப் போக வேண்டும். கரும்பு வெட்டப் போகும் பெண் ஒருநாள் வராவிட்டால் முக்காதம் எனும் மேஸ்திரி 500 ரூபாய் அபராதம் பிடிப்பார். வயலில் கழிப்பறை கிடையாது. தொற்றோ அதிக உதிரப்போக்கோ என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம் கருப்பையை எடுத்துவிடு, அபராதமும் மிச்சம் என்று சொன்னால் எப்படி மறுப்பாள்? 2019இல் சட்டமேலவை உறுப்பினர் நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் 82,309 பெண்களைக் கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள் அதில் உண்டு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு தேயும், மூட்டு பிடிக்கும். விடுப்பு கேட்காத பெண்தான் வேண்டும் என்றால், பீட் அப்படிப் பதிமூன்றாயிரம் பேரை உருவாக்கித் தந்திருக்கிறது.

என் மாதவிடாய் எப்போது என்று அலுவலகத்துக்கு ஏன் தெரிய வேண்டும் என்று பிற்பாடு ஒரு நேர்காணலில் ஸ்மிருதி இரானி கேட்டார். நியாயமான கேள்வி, தனிக் கழிப்பறை உள்ள வீட்டில். தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசையில் பையைச் சேலைக்குள் மறைத்து நிற்பவளுக்கு அந்த ரகசியம் எந்தக் காலத்தில் வாய்த்தது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விடுப்பைக் கட்டாயமாக்கினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொன்னது. அந்தப் பயம் வெறும் சாக்கு அல்ல, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் செலவு முழுதும் முதலாளி தலையில் விழும்போதுதான் அந்தத் தயக்கம் வரும். இஎஸ்ஐ அட்டை உள்ள பெண்ணுக்குப் பிரசவ விடுப்புச் சம்பளத்தை இஎஸ்ஐதான் தருகிறது. மாதவிடாய் விடுப்புக்கும் அதே வழி இருக்கிறதா என்று அமைச்சகம் யோசித்ததற்கான தடயம் அந்த மக்களவைப் பதிலில் இல்லை.

அப்படியே வந்தாலும் தாராவி மாடியறையில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கு அது எட்டாது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்குப் பொதுவாக இஎஸ்ஐ கட்டாயமில்லை. வலி தாங்காத நாளில் அவள் இப்போதும் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். அந்த நாளுக்கு நேரே சேட்டின் நோட்டில் ஒரு கோடு போடுகிறார்கள்.