கஷ்டம் வந்தா வித்துக்கலாமா?



போன வாரம் என் தங்கை பேரன் தன் பெரிய பைக்கை விற்கப் போனான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அதை வாங்கும்போது, "கஷ்டம்னா வித்துக்கலாம் தாத்தா, இதுவும் ஒரு சொத்துதான்" என்றவன். ஆன்ரோடு ஐந்தே முக்கால் லட்சம். முன்பணத்துக்கு அவன் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. இப்போது வண்டிக்குக் கேட்ட விலை மூன்றேகால். கடன் பாக்கியோ மூன்றரைக்கு மேல். வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து பணமும் கட்ட வேண்டும். சங்கிலி இன்னும் அடகில்தான்.

சொத்தா இது? நாற்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் கேட்கிறேன். போர்டில் போட்டுப் பார்ப்போம்.

350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் வண்டிக்கு வரியே இரண்டு லட்சம். தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி 12 சதவீதம். எப்படிப் போட்டாலும் அறுபதாயிரத்துக்குக் குறையாது. அடுத்து வாங்குகிறவன் வண்டிக்குத்தான் விலை பேசுவான், நீங்கள் கட்டிய வரிக்கு அல்ல.

இன்சூரன்ஸ் அட்டவணையையும் பாருங்கள். ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் தாண்டினால் 20, நான்கு தாண்டினால் 50.

அதைவிடப் பெரிய அடி, வாங்க ஆள் இல்லாதது. பழைய ஸ்ப்ளெண்டர் என்றால் பால்காரர், கொத்தனார், கல்லூரிப் பையன் என்று பத்துப் பேர் வருவார்கள். எந்த மெக்கானிக்கும் பிரிப்பார், பார்ட்ஸ் தெருமுனையில் கிடைக்கும். பெரிய பைக்குக்கு வருகிறவன் ஒருவன். அவனும், "இந்தக் காசுக்குப் புது 350 வாங்கிடலாமே" என்பான். அவன் சொல்வது நியாயம்தான்.

பெயருக்கு மதிப்பு என்பீர்கள். 2020இல் ஹார்லி டேவிட்சன் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2023இல் அதே பெயர் ஹீரோவோடு சேர்ந்து 2.29 லட்சத்துக்குப் புது வண்டியில் வந்தது. பல லட்சம் கொடுத்து அந்தப் பெயரை வாங்கியவன் என்ன நினைத்திருப்பான்?

ஆசைப்படாதே என்று சொல்லவில்லை. மிச்சப் பணம் இருந்தால் வாங்கு, ஆசை தீர ஓட்டு. ஆனால் அதைச் செலவுக் கணக்கில் எழுது. அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, வரவுக் கணக்கில் எழுதாதே.

உங்கள் கணக்கு வாத்தியார்