இயற்கைப் பாட்டு என்றால் அருவி மட்டும்தானா?



ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். வானொலியில் இயற்கைப் பாடல்கள் போடுவார்கள். பெரும்பாலும் சினிமாப் பாட்டு. மலை, அருவி, நிலா, குயில். கேட்க இனிமைதான். ஆனால் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அதைக் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? இயற்கை ஊட்டியில் இருக்கிறது, நம்மூரில் இருப்பது புகைபோக்கி மட்டும் என்றுதானே? அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மேல்வகுப்பில் ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நெய்தலுக்குப் புன்னையும் கடற்காகமும் மட்டுமா இருந்தன? மீன்கோட்பறை, விளரியாழ், செவ்வழிப்பண் எல்லாம் அதே வரிசையில் இருந்தன. மரத்தோடும் பறவையோடும் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணியவர் தொல்காப்பியர். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய இசை உண்டு என்றுதானே அதற்குப் பொருள்?

நம் நெய்தலுக்கும் பாட்டு இருக்கிறது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' 2017-இல் வந்தது. காட்சி எடுத்ததே எண்ணூரில்தான். எல்லாருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல்லை நாம் வசவாக்கிவிட்டதைக் கேள்வி கேட்கிற பாட்டு அது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு இருக்கிறது. வடசென்னைக் கானா இருக்கிறது.

"நல்ல நாளில் சோகம் எதற்கு?" என்பார்கள். அம்பா சோகப் பாட்டா? வலை இழுக்கிற கைகளை ஒன்றுசேர்க்கிற பாட்டு அய்யா அது! சோகம் என்றால், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது சோகம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அலையாத்தி மரங்களில் அப்பியது சோகம். அங்கே இறாலும் நண்டும் மடவையும் வாழ்கின்றன என்பதே ஊருக்குத் தெரியாவிட்டால், அவை அழிந்தால் யார் கேட்பார்கள்?

முடியாத காரியமும் இல்லை. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே இயங்குகிறது. நம் நிலையங்கள் ஆண்டுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கட்டும். இரண்டு அம்பா, இரண்டு கானா, புறம்போக்குப் பாடல். நடுவே கொண்டலும் கச்சானும் வாடையும் எப்போது வீசும், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று வயதான மீனவர் ஒருவர் பேசட்டும்.

வானொலியில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் இதை நிகழ்ச்சிக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்றவர்கள் நேயர் விருப்பத்தில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள்; நாற்பது பேர் கேட்டால் போட்டுத்தான் ஆகவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்