47 நிமிஷம் யாருகிட்ட பேசின?

வீடியோ கால் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாட்ஸ்அப்பில் அழைப்புகள் பக்கத்துக்குப் போய், அந்த அழைப்பின் விவரத்தைத் திறந்தால் போதும். தேதி, நேரம், வந்த அழைப்பா போன அழைப்பா, எத்தனை நிமிடம் எத்தனை வினாடி, எத்தனை எம்பி டேட்டா.. எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஐபோனில் ஃபேஸ்டைம் பேசுகிறவர்கள், சமீபத்திய அழைப்புகளில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட வேண்டும். ஐந்து வினாடி வேலை!

ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வீடுகளில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

"47 நிமிஷம் யாருகிட்ட பேசின?"

இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலேஜ் படிக்கிற பெண்ணிடம். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளிடம். புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிற மனைவியிடம். அதே வீட்டில் பையன் ராத்திரி 2 மணி வரைக்கும் போர்வைக்குள் போனை வைத்துப் பேசிக்கொண்டிருப்பான். அவன் போனை வாங்கி யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேட்டால், "ஆம்பளப் புள்ள, ஏதோ பிரெண்ட்ஸு" என்று பதில் வரும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அது இல்லை.

நிமிடம் காசாக இருந்தபோது

எஸ்டிடி பூத் காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசும்போது கண் எல்லாம் மீட்டர் மேலேயே இருக்கும். ராத்திரி நேரத்தில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து வரிசையில் நிற்பார்கள். 1995 ஜூலை 31 அன்று இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு கட்ட வேண்டும். 2003 மே மாதம்தான் வருகிற அழைப்பு இலவசமானது. 2009 இல் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்று இறங்கியது. பழைய நோக்கியா போன்களில் அழைப்பு நேரத்துக்கென்றே ஒரு மெனு இருந்தது. கடைசி அழைப்பு எவ்வளவு, மொத்த அழைப்பு எவ்வளவு என்று அது காட்டும். 10 ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு அதை எண்ணிப் பார்ப்பதில் தப்பே இல்லை. அது சிக்கனம்.

பிறகு 2016 வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து குரல் அழைப்புக்குத் தனிக் காசு இல்லை என்றது. நவம்பரில் வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. அதோடு நிமிடத்துக்கும் காசுக்கும் இருந்த உறவு அறுந்துபோனது. இன்று 5 நிமிடம் பேசினாலும் 50 நிமிடம் பேசினாலும் ரீசார்ஜ் ஒன்றுதான். மிச்சம் இருக்கிற ஒரே கணக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்கிற டேட்டா. அதற்குத்தான் எம்பி கணக்கு அதே இடத்தில், நிமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! "எத்தனை எம்பி போச்சு?" என்று எந்த வீட்டிலாவது சண்டை நடந்திருக்கிறதா? எல்லாரும் கேட்பது நிமிடத்தைத்தான்.

அப்படியென்றால் பார்க்கிறவர் சரிபார்ப்பது காசை இல்லை, ஆளை.

அந்த எண்ணுக்கு என்ன தெரியும்?

பி.காம் முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். பேரேட்டில் ஒரு தொகை எழுதியிருந்தால், அவ்வளவு போனது என்று மட்டும்தான் தெரியும். எதற்காகப் போனது என்று தெரிய வேண்டுமானால் வவுச்சரைப் பார்க்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் ஒருவனைத் திருடன் என்று எழுதுகிற தணிக்கையாளரை யாரும் தணிக்கையாளர் என்று சொல்ல மாட்டார்கள். வீடியோ கால் நிமிடமும் அப்படிப்பட்ட ஒரு வரிதான். லைன் திறந்திருந்தது என்று மட்டும் அது சொல்லும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், பேசினார்களா இல்லையா என்று கூட அதற்குத் தெரியாது.

சந்தேகம் இருந்தால் கல்வராயன் மலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் தெரியும். மலைப்பாதையில் சிக்னலுக்கும் வளைவுகள் உண்டு. இங்கே மூன்று கோடு இருக்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் வாழ்க்கை நிலையை ஒரு வழக்காகவே எடுத்தது. ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமே நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்த இடத்தில், சிக்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலையில் பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மரவள்ளியும் தினைப் பயிர்களும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் மிளகுத் தோட்டம், காபித் தோட்டம் என்று கூலிக்குப் போகிறவர்கள் நிறைய. தோட்டத்தில் ஒருத்தர், மலை மேல் ஒருத்தர், நடுவில் ஒரு வீடியோ கால். இரண்டு பக்கமும் சிக்னல் தள்ளாடும். படம் உறைந்துபோய் "மீண்டும் இணைகிறது" என்று திரை சுற்றிக்கொண்டே இருக்கும்போதும், அழைப்பு அறுந்துபோகாத வரைக்கும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அறுந்து மறுபடி கூப்பிட்டால் அது வேறு அழைப்பு, பட்டியலில் வேறு வரி. "கேக்குதா.. கேக்குதா.." என்று கத்தியே பாதி நேரம் போன ஒரு கால், பட்டியலில் 31 நிமிடம் என்று கம்பீரமாக நிற்கும். நான்கு முறை அறுந்த ஒரே பேச்சு, நான்கு முறை கூப்பிட்டது போலத் தெரியும்.

இப்போது அந்தப் பட்டியலை இரண்டு பேர் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் பார்த்தால், "எம்மா நேரம்டி பேசுவ? வேல வெட்டி இல்லியா?" என்பார். தோட்டத்தில் இருக்கிற புருஷன் பார்த்தால், "எங்கிட்ட 9 நிமிஷம், உங்க அம்மாகிட்ட 31 நிமிஷமா?" என்பான். ஒரே பட்டியல், இரண்டு குற்றச்சாட்டு! அதிகம் பேசினாலும் தப்பு, குறைவாகப் பேசினாலும் தப்பு. இரண்டு பேரும் எம்பி கணக்கைப் பார்த்திருந்தால், 31 நிமிடத்துக்கு டேட்டா ஏன் இவ்வளவு கம்மி, படமே ஓடவில்லையோ என்றாவது தோன்றியிருக்கும்.

வகுப்பறையிலும் இதே கதை

வீட்டை மட்டும் திட்டினால் நியாயமாகாது. 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகளை மூடி ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தபோது, வருகைப்பதிவும் இந்த நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டது. ஜூமில் யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார், மொத்தம் எத்தனை நிமிடம் என்று ஓர் அறிக்கை கிடைக்கும். கூகுள் மீட்டிலும் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணப் பதிப்புகளில் அப்படி ஒன்று வந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்த அறிக்கை வகுப்பை நடத்துகிறவருக்குப் போகும், மாணவருக்கு வராது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட கணக்கை அவரே பார்க்க முடியாது.

ஜூம் அறிக்கையில் அறுந்து அறுந்து ஆறு முறை உள்ளே வந்த மாணவருக்கு ஆறு துண்டு வரிகள். வீடியோவையும் மைக்கையும் அணைத்துவிட்டு ஃபேன் காற்றில் தூங்கியவருக்கு ஒரே வரி, முழு 60 நிமிடம். யாருக்கு வருகை? தூங்கினவருக்கு! பாறை மேல் ஏறி நின்று போனை வானத்தைப் பார்த்துப் பிடித்தவருக்கு ஆப்சென்ட். ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் வகுப்பு, பயிற்சி, இன்டர்வியூ எல்லாம் வீடியோவில் நடப்பது நிற்கவில்லை. நிமிடத்தை வைத்து ஆளை எடைபோடுவதும் நிற்கவில்லை.

"பெத்தவங்க கவலப்படக் கூடாதா?"

இந்த எதிர்க்கேள்வி கட்டாயம் வரும். கவலைப்படலாம், கவலைப்படத்தான் வேண்டும். 14 வயதுப் பிள்ளை யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் வீடியோவில் பேசினால் அதில் தலையிடாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் 20 வயதுப் பெண்ணின் போனைப் பிடுங்கி அழைப்புப் பட்டியலைத் திறப்பது கவலை ஆகாது, சோதனை ஆகும். அதில் கண்டுபிடிக்கப்படுவது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு ஒன்று டேலி ஆகாமல் தோழியிடம் கேட்டிருப்பாள். ஆனால் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் முதலில் போன் போகும். அப்புறம் ஹாஸ்டல் போகும். அப்புறம் காலேஜே போகும். மலையில் இருந்து முதன்முதலாகக் கீழே இறங்கிப் படிக்க வருகிற பெண்ணுக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரு எண்ணுக்கு மூன்று வருஷப் படிப்பு விலை!

பெண்களின் போன் அவர்கள் கையில் இல்லை என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். கிராமத்தில் பாதிக்கும் குறைவு. மற்ற வீடுகளில் போன் என்றால் குடும்பப் போன், அதாவது அப்பா போன் அல்லது அண்ணன் போன். அதில் பேசினால் பட்டியல் தானாகவே அவர்கள் கைக்குப் போய்விடும். சிம் கம்பெனிக் கணக்கில் வாட்ஸ்அப் அழைப்பு வராது, டேட்டா செலவு மட்டும்தான் வரும். அதனால்தான் நிமிடக் கணக்கு வேண்டும் என்கிறவர்கள் போனையே பிடுங்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கணவர் மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்புப் பட்டியலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று வேறு திசையில் போனது. ஆக, நீதிமன்றங்களே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில், நடுவீட்டு நீதிபதிகள் ஐந்து வினாடியில் தீர்ப்பு எழுதுகிறார்கள்!

அந்தக் கணக்கு யாருக்கு?

நிமிடக் கணக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது பேசியவருக்கு உரியது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் திரையில் போகிறது என்று அவரே பார்க்கலாம். டேட்டா ஏன் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது என்று பார்க்கலாம். இன்னொரு முக்கியமான உபயோகமும் உண்டு. 'டிஜிட்டல் கைது' என்று போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், லைனை விட்டுப் போகவிடாமல் மிரட்டிப் பணம் பறிக்கிற மோசடி. 2024 இல் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வாலே இதில் 7 கோடி ரூபாய் இழந்தார். அப்படி மாட்டிக்கொண்டவருக்கு அந்த அழைப்பின் தேதியும் நேரமும் நிமிடமும் நல்ல ஆதாரம். பயத்தில் பட்டியலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, உடனே 1930 எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும். அங்கே அந்த எண் பேசியவர் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

அதே எண்ணை அவர் கையில் இருந்து பிடுங்கி அவருக்கு எதிராகவே நிறுத்துவதுதான் அக்கிரமம்.

ஆகவே காலேஜுக்கு அனுப்புகிற பெண்ணுக்குத் தனிப் போனும், அதற்கு அவள் மட்டும் அறிந்த பூட்டும் கொடுங்கள். மலையில் இருந்து வகுப்பில் சேருகிற மாணவர்களுக்கு நிமிடத்தை எண்ணி வருகை போடுவதை ஆசிரியர்கள் விடட்டும். அதற்குப் பதில் பாடத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம், தூங்கினவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். தோட்டத்தில் இருக்கிற புருஷன் 9-ஐயும் 31-ஐயும் கழித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்த முறை சிக்னல் கிடைக்கும்போது மறுபடி கூப்பிடட்டும்.

இதையெல்லாம் செய்ய முடியாது, நிமிடத்தைக் கேட்டே தீருவோம் என்கிற வீடுகள் ஒன்று மட்டும் செய்யலாம். இன்று ராத்திரி அண்ணன் போனையும் வாங்கி, அதே சத்தத்தில் அவனிடமும் கேளுங்கள்: "47 நிமிஷம் யாருகிட்டடா பேசின?"

கேட்பீர்களா?