ஒறிஜினல் எண்டால் எந்த வருசத்து ஒறிஜினல்?

எங்களில் ஒருத்தியின் அப்பப்பா ஓடின எம்டி 90 பதினொரு வருசமாக மாட்டுக்கொட்டிலுக்குள் நின்றது. மாட்டை வித்த பிறகும் கொட்டில் இருந்தது, கொட்டிலுக்குள் மோட்டச்சைக்கிள் இருந்தது, சீற்றுக்குள் எலி குடியிருந்தது. போன விடுமுறைக்கு அதை வெளியால இழுத்துக் கழுவி ஒரு படம் எடுத்துப் போட்டோம். பின்னேரத்துக்குள் உள்பெட்டியில் நாலு பேர். மூன்று பேர் "விக்கிறீங்களோ?" என்று கேட்டிருந்தினம். நாலாவது ஆள் வெளிநாட்டில இருந்து எழுதியிருந்தார்: "தம்பி, ஒண்டையும் மாத்திப்போடாதேங்கோ. ஒறிஜினலாய் இருந்தால்தான் மதிப்பு." தம்பி என்று அவர் எழுதினது படத்தைப் போட்ட ஒருத்திக்கு. அதைப் பிறகு பார்ப்பம்.

அவர் சொன்னதைக் கேக்காமல் நாங்கள் மாத்தத் தொடங்கிவிட்டோம். ஆறு மாதமாகிறது. மாத்தினது சரி என்றுதான் இதை எழுதுகிறோம். அதோட, மாத்தினதில எங்களுக்கு விட்ட பிழைகளையும் எழுதவேணும், ஏனென்றால் அதை எவரும் படத்தோட சேர்த்துப் போடுவதில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. எம்டி 90 என்பது ஹொண்டா ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த வண்டி. 1958இல் வந்த சுப்பர் கப்பின் பரம்பரை. படுத்த மாதிரி இருக்கிற 89 சிசி ஒற்றைச் சிலிண்டர், கிளச் பிடிக்கத் தேவையில்லாத மூன்று கியர், முன்னுக்கும் பின்னுக்கும் டிரம் பிரேக், பின்னால் கடிதப் பெட்டி வைக்கிற பெரிய கரியர், சிவப்பு நிறம். அங்கே தபால் காவி முடிச்ச வண்டிகள் றீகண்டிசனாக இங்கே இறங்கின. ஆகவே எங்கட ஊருக்கு வரும்போதே அது வேற ஒரு ஆளின்ர வேலையைச் செய்து முடிச்ச வண்டி. அப்பப்பா அதில் கடிதம் காவவில்லை, புகையிலைச் சிப்பம் காவினார்.

எஞ்சினைக் கழட்டின அன்றுதான் எங்களுக்கு இந்த 'ஒறிஜினல்' கதையில் சந்தேகம் வந்தது. சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒரு பக்கிங் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று கொம்பனியினுடையது. மற்றது அலுமினியத் தகட்டில் கையால் வெட்டினது, ஓரம் கொஞ்சம் கோணல். கராஜ் அண்ணை அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மண்ணெண்ணெயில ஓடின வண்டி."

1990இல் சண்டை திரும்பத் தொடங்கி பொருளாதாரத் தடை வந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. பற்றறி, சவர்க்காரம், உரம் என்று நீண்ட பட்டியலில் அதுவும் ஒன்று. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதையை எல்லா வீட்டிலயும் சொல்லுவினம், நாங்களும் கேட்டு வளர்ந்தனாங்கள்தான். ஆனால் அது எப்பிடி ஓடினது என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் லேசில் ஆவியாகாது, ஆகவே கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். அதின்ர ஒக்ரேன் அளவும் குறைவு. பெற்றோலுக்குச் செய்த அமுக்கத்தில் அதை எரிச்சால் எஞ்சின் உள்ளுக்குத் 'டக் டக்' என்று தட்டும், பிஸ்டன் நாசமாகும். தட்டாமல் இருக்க அமுக்கத்தைக் குறைக்கவேணும். அதுக்குத்தான் இரண்டாவது பக்கிங். ஹெட் கொஞ்சம் உயரும், உள்ளே இடம் கூடும், அமுக்கம் குறையும். இதைச் செய்தவர் எங்கே படிச்சாரோ தெரியாது, ஆனால் நாங்கள் ஏலெவலில் பௌதிகவியல் எடுக்காமல் தப்பி ஓடின ஒரு விசயத்தை ஒரு தகட்டுத்துண்டில் செய்து வைத்திருந்தார்.

ஹாண்டிலுக்குக் கீழே ஒரு கம்பிக் கொளுக்கி இருந்தது. அது என்னத்துக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. அப்பம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னா: "அதிலதான் பிள்ளை மருந்துப் போத்தில் தொங்கினது. அதுக்குள்ள ஒரு சொட்டுப் பெற்றோல். சேலைன் ரியூப்பால இறங்கும். அப்பப்பா அதை ஒருத்தரையும் தொட விடார்."

இப்ப சொல்லுங்கோ, இந்த வண்டியை எந்த வருசத்து ஒறிஜினலுக்குத் திருப்புறது? ஜப்பானில் தபால் காவின நாளுக்கோ? சிப்பம் காவின நாளுக்கோ? போத்தில் தொங்கின நாளுக்கோ? உள்பெட்டிக்கு வந்த ஐயா கேட்ட ஒறிஜினல் முதலாவது. அதுக்கு நாங்கள் அந்தப் பக்கிங்கையும் கொளுக்கியையும் கழட்டி எறியவேணும். எங்கட ஊரில் ஓடின ஒரு வண்டியை 'ஒன்றும் நடக்காத' வண்டியாக மாத்துறதும் ஒரு மொடிபிகேசன்தான். அதுக்கு மட்டும் ஏன் மதிப்புக் கூட?

இதில் இன்னொரு பகிடி இலக்கத்தகடு. பழைய வண்டி விக்கிற விளம்பரங்களில் 'ஸ்ரீ நம்பர்' என்று தனியாகப் போடுவினம். அதுவும் ஒறிஜினலுக்கு ஒரு அத்தாட்சி. எங்கட வண்டிக்கும் ஸ்ரீ நம்பர்தான். அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் வாகனங்களுக்கு வந்தபோது தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தினதும், 1958இல் இங்கே அந்த எழுத்துக்குத் தார் பூசினதும், தெற்கில் தமிழ்ப் பலகைகளுக்குத் தார் பூசினதும், அந்த வருசமே கலவரம் வந்ததும் வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் குறிப்பெடுத்த விசயங்கள். எங்கட பெரியாக்கள் அழிக்கப் போராடின எழுத்து இப்ப வண்டியின்ர விலையைக் கூட்டுது. அதைக் கழட்டச் சொல்லவில்லை, கழட்டவும் சட்டப்படி ஏலாது. ஒறிஜினல் என்று ஒருத்தர் சொல்லும்போது அதுக்குள் எவ்வளவு கதை அமத்துப்பட்டுக் கிடக்கு என்று மட்டும் சொல்லுகிறோம்.

காசுக் கதையும் இருக்கு. ஒறிஜினல் சாமான் தேடிப் பொருத்துறது வருமானம் இருக்கிறவையின்ர பொழுதுபோக்கு. தவறென்று சொல்லவில்லை, அப்பிடித் தேடுறவையாலதான் சில வண்டிகள் மிஞ்சியிருக்கு. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்கள். திரும்பத் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் 2022இல் ரூபா விழுந்தது, பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது, மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பழைய வண்டியே புது வண்டியின்ர விலைக்குப் போன காலத்தில் நாங்கள் வளாகத்துக்கு வந்தோம். எங்களுக்கு இந்த எம்டி 90 அலங்காரம் இல்ல. மூன்று பேரின்ர மகாபொல காசில், விரிவுரைக்குப் போய்வர ஒரு வாகனம். ஜப்பான் சாமானுக்குக் காத்திருந்தால் பட்டமளிப்பு விழாவுக்குத்தான் ஸ்ராட் பண்ணலாம். அதனால் டுப்ளிக்கேற். பஞ்சிகாவத்தையில் இருந்து வந்தது கொஞ்சம், ஒன்லைனில் வந்தது கொஞ்சம், பழைய இரும்புக்கடையில் கிண்டி எடுத்தது கொஞ்சம்.

இனி எங்கட பிழைகள்.

கப் எஞ்சினைப் பார்த்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள், அதனால் 'கப் தானே, எல்லாம் பொருந்தும்' என்று ஒரு நம்பிக்கை. பொருந்தாது. 70 சிசி எஞ்சினும் 90 சிசி எஞ்சினும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் உடம்பு வேற. 70க்கு பிஸ்டன் 47 மில்லிமீற்றர், 90க்கு 50. ஸ்ரோக்கும் வேற. நாங்கள் படத்தைப் பார்த்து ஓடர் பண்ணின சிலிண்டர் கிற் வந்து இறங்கினபோது ஸ்ரட் ஓட்டைகளே நேருக்கு வரவில்லை. திருப்பி அனுப்ப ஏலாது. இப்ப அது எங்கட அறையில் பேனை போட்டு வைக்கிற பாத்திரம்.

அடுத்தது லைற். வண்டி 6 வோல்ற். இரவில் அந்த முன் லைற்றை விட மெழுகுதிரி நல்லம். 12 வோல்ற் எல்ஈடி ஒன்று வாங்கிப் பூட்டினோம், மினுங்கிச்சுது, செத்துது. லைற்றை மட்டும் மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல. மின்சாரம் உருவாகிற சுருளில் இருந்து, ரெகுலேற்றர், பற்றறி, கொயில், ஹோன், எல்லா பல்பும் சேர்த்து மாத்தவேணும். வயரை வெட்டி ரேப் சுத்துறவையைப் பார்த்தால் எங்களுக்கு இப்ப கோவம் வருது, போன வருசம் நாங்களும் அதைத்தான் செய்தனாங்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் பயந்தது. மலிவாய்க் கிடைச்சுது என்று வாங்கின முன் பிரேக் சூ. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சூவில் ஒட்டியிருந்த லைனிங் கழண்டு டிரம்முக்குள் சுத்தினது. பலாலி வீதியில் ஒரு ஓட்டோ திடீரென்று நிப்பாட்ட, பிரேக் பிடிச்ச எங்கட ஆள் நிக்கவில்லை. மதகுக் கட்டில் சாய்ந்து முழங்கை உரிஞ்சதோட போச்சு. அன்றில் இருந்து எங்களுக்குள் ஒரு சண்டை இல்லாத விசயம் இது: பிரேக், ரயர், செயின், இந்த மூன்றுக்கும் காசு பாக்கிறதில்ல. கண்ணாடி, சீற்று, மட்காட், டுப்ளிக்கேற்றாய் இருக்கட்டும், உடைஞ்சால் உடையட்டும். ஒறிஜினலோ டுப்ளிக்கேற்றோ என்று கேக்கிறதை விட்டு, இது கழண்டால் என்ன நடக்கும் என்று கேக்கப் பழகினோம்.

சைலன்சரைப் பற்றியும் எங்கட வயசுப் பெடியள் கோவிச்சாலும் சொல்லத்தான் வேணும். உள் தகட்டை வெட்டி எறிஞ்சு சத்தம் கூட்டுறதால 89 சிசி 200 சிசி ஆகாது. வண்டி ஓடுறவனுக்கு அது பாட்டு, ஒழுங்கையில் படுத்திருக்கிற அப்பம்மாவுக்கு அது சத்தம். சத்தத்துக்குப் பதுங்கிப் பழகின ஆக்கள் இருக்கிற ஊர் இது. பொலிஸ் பிடிக்கும் என்பது இரண்டாவது காரணம். நிறம் மாத்தினாலோ எஞ்சின் மாத்தினாலோ வாகனப் புத்தகத்தில் பதியவேணும், அதையும் விடாதேங்கோ. செசி நம்பரைச் சுரண்டி ஒட்டுற வேலை பக்கத்துக்கும் போகாதேங்கோ.

கபே ரேசர் ஆக்குவமா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். 50களிலும் 60களிலும் இங்கிலாந்துப் பெடியள் வேகத்துக்காக வண்டியில் இருந்த பாரமெல்லாம் கழட்டி எறிஞ்சதில் இருந்து வந்த ஸ்ரைல் அது. பார்க்க வடிவுதான். ஆனால் அதில் முதலில் வெட்டுப்படுறது பின் கரியர். இரண்டு பேர் வெட்டுவம் என்றார்கள், கிறைண்டரும் கையில் இருந்தது. அப்பம்மா மறிக்கவில்லை. "உங்கட விருப்பம். 95இல என்ர தையல் மிசினும் ஒரு மூட்டை அரிசியும் அதிலதான் வந்தது" என்று மட்டும் சொன்னா. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க றோட்டில் நின்றபோது, ஓட இடமில்லாமல் அப்பப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே நாவற்குழி தாண்டியிருக்கிறார். கிறைண்டர் திரும்பப் பெட்டிக்குள் போனது. பாசத்தால மட்டும் இல்ல. வெட்டினதை ஒட்டேலாது, பூட்டினதைக் கழட்டலாம். இதுதான் எங்கட விதி. நாங்கள் சேர்த்த எல்லாம் ஆணியால் பூட்டினது. ஃபிரேமில் ஒரு இடமும் வெல்டிங் இல்ல. கழட்டின சாமான் எல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் பேர் எழுதிக் கிடக்கு.

அந்தத் தம்பிக் கதைக்கு வருவம். வண்டி அவளுடையது, புத்தகம் அவளின்ர வீட்டில், பொயின்ற் கப் பார்த்துச் சரியாக வைக்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் எங்களில் அவள்தான். ஆனால் கராஜில் அவள் கேட்ட கேள்விக்கு அண்ணை எங்களைப் பார்த்துப் பதில் சொன்னார். கடையில் "என்ன தங்கச்சி, ஆருக்கு வாங்குறீங்கள்?" என்று கேட்டினம். பெட்டையள் ஸ்கூட்டி ஓடுறது இங்கே புதுசில்ல, கை கறுப்பாகிறதுதான் இன்னும் ஆக்களுக்குப் புதுசு. நாங்கள் பெடியள் மூன்று பேரும் முதல் இரண்டு மாதம் அதைக் கவனிக்கவே இல்லை, பதில் எங்களுக்கு வந்ததே போதும் என்று நின்றோம். அவள் ஒருநாள் எரிச்சலில் சொன்ன பிறகுதான் விளங்கினது. இப்ப அண்ணை எங்களைப் பார்த்தால் நாங்கள் அவளைப் பார்க்கிறோம். கொஞ்சம் நாடகம் மாதிரித்தான் இருக்கு, ஆனால் வேலை செய்யுது. போன கிழமை அவர் முதல்தடவையாக அவளிட்ட நேராக, "பிள்ளை, இந்த இரண்டாவது பக்கிங்கை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

பெற்றோலில் ஓடுறதுக்கு அது தேவையில்ல, இருந்தால் இழுவை குறையும். எடுத்துவிட்டோம். கொளுக்கி அப்பிடியே இருக்கு, அதில் இப்ப ஹெல்மெற் தொங்குது. தகட்டுப் பக்கிங்கை அப்பம்மா வாங்கிச் சீலைத்தலைப்பால் துடைச்சு, சாமியறைத் தட்டில் அப்பப்பாவின்ர கண்ணாடிக்குப் பக்கத்தில் வச்சிருக்கிறா. நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவள் பச்சை என்கிறாள். நாங்கள் மூன்று பேரும் சிவப்பு.