சந்திரனுக்கு க்ஷயரோகமாம்!

தக்கன் தன் 27 பெண்களையும் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தானாம். சந்திரன் ரோகிணியிடம் மாத்திரம் ஆசையாயிருந்தானாம். மற்ற 26 பேரும் தகப்பனிடம் போய் அழ, மாமனார் சாபமிட, மாப்பிள்ளைக்கு க்ஷயரோகம் கண்டு தேய்ந்தானாம். இந்த ஆபாசத்துக்குப் புராணமென்று பெயர்! தேய்ந்த துண்டுகள் எங்கே போய் விழுந்தன என்று நாம் கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள்.

சங்கதி என்னவென்றால், சந்திரனுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது. சூரியன் நமக்குச் சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கிறது. அதன் வெளிச்சம் இங்கு வர 8 நிமிஷம் 20 வினாடி ஆகிறது. அதே வெளிச்சம் சந்திரன்மீதும் விழுகிறது. சந்திரனின் தரை தார் ரோட்டைப் போலக் கறுத்தது; விழுவதில் 100க்குச் சுமார் 12 பங்கைத்தான் திருப்பியனுப்புகிறது. அந்த இரவல் வெளிச்சம் ஒன்றேகால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. கவிராயர்கள் உருகும் நிலவு இவ்வளவுதான்.

சந்தேகமுள்ள தோழர்கள் இருட்டறையில் ஒரு விளக்கை முகத்துக்கு நேராக வைத்து, ஒரு விளாம்பழத்தைக் கைநீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றட்டும். பழத்தின்மீது வெளிச்சம் பிறையாகி, பாதியாகி, முழுவதாகி, மறுபடி குறையும். பழம் தேயவில்லையே! முதுகு விளக்குப் பக்கம் இருக்கும்போது கையைத் தாழ்த்தினால் உங்கள் தலை நிழல் பழத்தின்மேல் விழும். அதுதான் சந்திர கிரகணம். பாம்பு எங்கே?

பண்டிதர்களுக்கு இது தெரியாதென்று நாம் சொல்லவில்லை. 499-ம் வருஷத்திலேயே ஆரியபட்டர் சந்திரன் சூரியனால் ஒளிர்கிறதென்றும், கிரகணம் நிழலென்றும் எழுதிவைத்தார். பஞ்சாங்கக்காரரும் கணக்குப் போட்டுத்தான் கிரகண நேரம் குறிக்கிறார். குறித்த கையோடு, இன்ன நட்சத்திரக்காரருக்குத் தோஷம், இன்ன பரிகாரம், இன்ன தட்சணை என்றும் குறிக்கிறார். கணக்குக்கு நிழல், காசுக்குப் பாம்பு!

காசோடு போனாலும் பரவாயில்லை. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி இந்நாட்டார் சந்திரனில் ஒரு யந்திரத்தை இறக்கினார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 7-ந் தேதி இரவுக் கிரகணத்துக்குக் கோயில்களில் நடை சாத்தினார்கள். கிரகணந்தோறும் கர்ப்பிணியை அறையில் பூட்டி, சோறு தண்ணீர் கொடுக்காமல், காய் நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளக்குமென்று மிரட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போடுவதைவிடப் பெரிய தோஷம் எந்த நிழலில் இருக்கிறது?

அடுத்த சந்திர கிரகணத்தன்று அவளுக்கு வேளைக்குச் சோறு போட்டு, வாசலில் நாற்காலியும் போடுங்கள். அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். சூரிய கிரகணத்தை மாத்திரம் அதற்கென்றுள்ள கண்ணாடியில்லாமல் பார்க்கக்கூடாது. அது கர்ப்பிணிக்கும் புரோகிதருக்கும் ஒன்றுதான்.