வளர்த்த கைகளுக்கும் ஒரு திருநாள்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் வேலூர் வட்டாரத்து முருகன் குன்றுகள் காவடிகளால் நிறைந்துவிடும். காட்பாடிக்கு அப்பால் உள்ள வள்ளிமலையிலும், ஆற்காட்டை அடுத்த ரத்தினகிரியிலும் விடியுமுன்பே படியேறத் தொடங்கும் கூட்டம் இரவு வரை குறையாது. அன்று கிருத்திகை விரதம் இருப்போரில் பலர், அந்த நாள் யாரைச் சிறப்பிக்க வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஈசனின் நெற்றிக்கண்ணில் எழுந்த பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. அக்குழந்தைகளுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பின்னர் அம்மை வந்து அறுவரையும் ஓருருவாக அணைத்துக்கொண்டாள். வளர்த்தவர்களை ஈசன் மறந்துவிடவில்லை. அவர்கள் பெயரால் அமைந்த நாளில் முருகனை வழிபடுவோர் நற்கதி அடைவர் என்று வரம் அளித்தார் என்கிறது கந்தபுராணம். பெற்ற தாய்க்குரிய பெருமை சிறிதும் குறையாமல், வளர்த்த கைகளுக்கென்று ஒரு திருநாள் அமைந்தது. வள்ளியம்மையின் வரலாறும் இத்தகையதே. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் வேடர் தலைவன் நம்பியும் அவன் மனைவியும். வள்ளிமலையில் மணமகன், மணமகள் இருவருமே பிறர் கைகளில் வளர்ந்தவர்கள்.

இந்தப் புராணச் செய்திக்கும் இன்றைய ஆம்பூருக்கும் தொடர்பு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் காலைப் பொழுது புலர்ந்ததும், சாலையோரங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பதைக் காணலாம். ‘ஷூ கம்பெனி’ என்று ஊரார் சொல்லும் காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். காலணியின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்களே பணிபுரிகின்றனர். இவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மணமாகி, ஓரிரு குழந்தைகளுக்குத் தாயானவர்கள். ‘ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும்’ என்னும் ஆசை அவர்களில் சிலரிடம் அணையாமல் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். பி.எட். ஆசிரியப் பயிற்சிக்கும் அதுவே வாசல்.

வாய்ப்புகளும் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ஆம் ஆண்டிலேயே தொலைநிலைக் கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் உருவானது. பாடநூல்களை வீட்டில் படிக்கலாம். நேர்முக வகுப்புகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில் அமையும். ஆனால் அந்த விடுமுறை நாளில் மூன்று வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது? பல பெண்களின் படிப்பு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றுபோகிறது.

இதே கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு வீட்டிலும் எழுந்தது. அ. லலிதா 1919-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது, 1937-இல், கணவர் காலமானார். அக்காலத்தில் இளம் விதவைக்கு வீட்டின் ஒரு மூலையே உலகம். லலிதாவோ ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் தேறினார். மருத்துவம் பயிலலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, நேரங்காலம் பாராத அந்தத் தொழில் குழந்தையை வளர்ப்பதற்கு ஒத்துவராது என்று அதைக் கைவிட்டார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதுவரை ஆண்களே பயின்ற அக்கல்லூரியில் மகளைச் சேர்க்க அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் வேண்டினார், அரசின் ஒப்புதலும் கிடைத்தது. 1940-இல் லலிதா சேர்ந்தார். அடுத்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இருவரும் வந்து சேர்ந்தனர்.

விடுதியில் தங்கிப் படித்த லலிதாவின் குழந்தையை உறவினர் குடும்பம் பார்த்துக்கொண்டது. இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று இன்று அவரைப் போற்றுகிறோம். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் பணி, பின்னர் கல்கத்தாவில் நீண்ட காலப் பணி என அவர் வாழ்வு விரிந்தது. பக்ரா நங்கல் அணையின் மின்கடத்துத் தடங்களுக்கான பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிற்கும் சென்றார். இந்தப் பெருமையில், குழந்தைக்குச் சோறூட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய கைகளுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கதையில் இனிமை மட்டும் இல்லை. தாய் அருகில் இல்லாத இரவுகளைக் குழந்தை அறிந்திருக்கும்; குழந்தையின் முகம் காணாத நாட்களைத் தாயும் அறிந்திருப்பாள். அந்த இழப்பை ஈடு செய்ய ஒருவராலும் இயலாது. அதன் பாரத்தை இலேசாக்க வீட்டில் உள்ளவர்களால் இயலும்.

இங்கேதான் முதியோரின் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. ‘பிள்ளைகளை வளர்த்தாயிற்று, இனியாவது கோயில், குளம் என்று இருக்கக் கூடாதா?’ என்று கேட்கும் பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் உள்ள உடம்பால் ஓடும் குழந்தையின் பின்னே ஓட முடியாது. ஆகவே முழுச் சுமையையும் முதியோர் தலையில் ஏற்றுவது முறையன்று. ஞாயிறு காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது தந்தையின் கடமை. தாத்தா கதை சொல்லலாம். பாட்டி மடியில் கிடத்தி உறங்க வைக்கலாம். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று பகிர்ந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு நாள் கிடைத்துவிடும்.

சட்டமும் சிறிது துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்புக்கு இடமளித்தன. வீட்டிலும் கல்லூரியிலும் கேட்டுப் பெறுவதற்கு இவற்றை அறிந்திருப்பது நல்லது.

விடுமுறை நாளில் மருமகள் வகுப்புக்குப் போக, குழந்தையோடு வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அன்றைய அபிஷேகம் தவறிப்போகலாம். மனம் சற்றே வாடும். மடியில் உறங்கும் குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டு, கார்த்திகைப் பெண்களை அவள் நினைத்துக்கொள்ளட்டும். மருமகள் பட்டம் பெறும் நாளில் எடுக்கும் புகைப்படத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் அவள் அறிந்திருக்கட்டும். அந்தப் படம் எடுக்கும்போது மாமியாரை அருகே அழைத்து நிறுத்த மருமகளும் மறவாதிருக்கட்டும்.