உட்கார வைப்பதா அன்பு?

டெல்லியின் புசா ரோடு, கரோல்பாக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டால் எந்த வேலையும் செய்யவிடக் கூடாது. வாடிப்போய் உட்கார்ந்திருந்தால் அது மறதியோடு சேர்ந்து வருவது, அதற்கு வழியில்லை. "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா உக்காரும்மா" என்று பாசத்தோடுதான் சொல்கிறார்கள். பாசம் உண்மை. நம்பிக்கை தவறு, கெடுதலும்கூட.

மறதி நோய் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டும் பலருக்குச் சேர்ந்தே இருக்கும் என்பதால் ஒன்றாகிவிடாது. பசி குறைகிறது, விடியுமுன் விழிப்பு வருகிறது, பேரன் வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் அதைத் தனியே கவனிக்க வேண்டும். சிலருக்கு மனச்சோர்வே மறதிபோலத் தோன்றும். தைராய்டு குறைவும் பி12 பற்றாக்குறையும் அப்படியே. இவற்றுக்கு வைத்தியம் உண்டு. 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள். இத்தனை பேரையும் "வயசாச்சு, அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடலாமா?

டெல்லிக்குத் தெற்கே பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக அன்றாடத் திறனை அளக்கும் கேள்விப் பட்டியலை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 1999-இல் அது வெளிவந்தது. பண்டிகை நினைவிருக்கிறதா, சொல்லியனுப்பிய சேதியைச் சரியாகச் சேர்க்கிறாரா என்பவற்றோடு, கல்யாணம் போன்ற குடும்ப விஷயங்களில் கருத்துச் சொல்கிறாரா என்றும் அது கேட்கிறது. கருத்துச் சொல்வதும் அன்றாட வேலைதான் என்று அந்த ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளிலோ அம்மாவைக் கேட்காமலே கும்பகோணத்து வீடு விற்கப்படுகிறது, பேத்திக்கு வரன் முடிவாகிறது. பிறகு டாக்டர் கேட்டால், "எதிலும் கலந்துக்கறதில்லை" என்கிறோம். அவரால் முடியவில்லையா, நாம் விடவில்லையா?

டெல்லியில் இந்த ஒதுக்கல் இரட்டிப்பாகிறது. அப்பா போனபின் அழைத்துவரப்பட்ட அம்மாவுக்கு இந்தி தெரியாது. காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேச முடியாது. மெட்ரோ தூண்களுக்கடியில் ஓடும் போக்குவரத்தைத் தாண்டித் தனியே போகவும் முடியாது. மிஞ்சியிருந்தது சமையலறை. அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

கேஸ் அடுப்பு ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்காகச் சமையலறையையே மூட வேண்டுமா? பெயர்கள் மறந்தபின்னும் கைப்பழக்கம் நெடுநாள் நிற்கும். பீன்ஸ் நார் உரிக்கலாம், பூத் தொடுக்கலாம், துணி மடிக்கலாம்.

மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களுக்கு: மறதி நோயோடு வரும் மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், மிர்டாசபின் இரண்டும் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2011-இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. (டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.) 1997-இல் சியாட்டிலில் லிண்டா டெரி குழுவினர், நோயாளிக்குப் பிடித்த காரியங்களை அன்றாடத்தில் சேர்க்கக் குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்தார்கள். நோயாளியின் சோர்வு குறைந்தது. பார்த்துக்கொண்டவர்களின் சோர்வும் குறைந்தது.

இதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் பெரும்பாலும் மருமகளிடமிருந்தே எடுக்கப்படுகிறது என்பதும் தெரியும். ஆகவே மகன்களே, இது உங்களுக்கு. நாளைக் காலை காயை அம்மா முன்னால் வைத்து நீங்களும் உட்காருங்கள். கோணலாக நறுக்கினாலும் அதையே சமையுங்கள். சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். அவர் கேட்பதைத் தமிழில் அம்மாவிடம் சொல்லி, அம்மாவே பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.